ஓ.எஸ். இல்லாத லேப்டாப் வாங்கலாமா?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

உங்க வீட்டில் லேப்டாப் வாங்கின பில் இருந்தா ஒருமுறை எடுத்துப் பாருங்க. மாடல் பெயர் இருக்கும், சீரியல் நம்பர் இருக்கும், ஜி.எஸ்.டி. தனியா போட்டிருக்கும். கூடவே மவுஸ் வாங்கியிருந்தா அதுக்கும் ஒரு வரி இருக்கும். ஆனா அதில் இருக்கிற விண்டோஸுக்கு எவ்வளவு கொடுத்தோம்னு மட்டும் எங்கேயும் இருக்காது.

கொடுக்காமல் இல்லை, கொடுத்திருக்கிறோம். மெஷினின் விலைக்குள்ளேயே அது கலந்திருக்கிறது. அந்த விண்டோஸ் வேண்டாம்னா வாங்காமல் இருக்க முடியுமா, அப்படி வாங்கினால் லாபமா, தலைவலியா? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

இது எப்படி ஒட்டிக்கொண்டது?

1990களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளோடு ஒரு வகை ஒப்பந்தம் போட்டிருந்தது. விற்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கட்டணம் உண்டு. அதில் மைக்ரோசாஃப்ட் ஓ.எஸ். போட்டீங்களா இல்லையா என்பது கணக்கே இல்லை. வேறு ஓ.எஸ். போட்டு விற்றால் இரண்டு பேருக்கும் காசு கட்டணும். அப்புறம் யார் வேறு ஒன்றைப் போடுவாங்க? 1994இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, அந்த வகை ஒப்பந்தத்தை நிறுத்த வைத்தது. ஒப்பந்தம் போனாலும் பழக்கம் போகவில்லை. கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸோடுதான் வரும் என்பது இன்றுவரை நிலைத்துவிட்டது.

இப்போது அந்த லைசென்ஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? பழைய லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் 25 எழுத்து கீ இருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அந்த கீ மதர்போர்டில் இருக்கும் சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. ஹார்ட் டிஸ்க்கை மொத்தமாக அழித்தாலும் கீ அப்படியே இருக்கும். அதே நேரம், அதை எடுத்து இன்னொரு மெஷினுக்கு மாற்றவும் முடியாது.

ஏற்காட்டிலிருந்து வந்த கேள்வி

இந்த எபிசோடு பண்ணணும்னு தோன்றியதுக்குக் காரணம் என் தங்கச்சி. பெரியப்பா மகள். வீடு ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள். பெரியப்பா காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். லேப்டாப்புக்கு என்று அவர் எடுத்து வைத்தது 35,000 ரூபாய். அதுக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் அது ஹாஸ்டல் பணத்திலிருந்துதான் போகும்.

20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்குப் போய் ஒரு கடையில் கேட்டோம். கடைக்காரர் இரண்டு மாடல் எடுத்து வைத்தார். பார்க்க ஒன்று போலவே இருந்தது, ஒன்று மட்டும் சில ஆயிரம் குறைவு. “அது டாஸ் மாடல் சார். எடுத்துக்கோங்க, 500 ரூபா கொடுத்தா நானே விண்டோஸ் போட்டுத் தர்றேன்” என்றார். தங்கச்சி என்னைப் பார்த்து, “அண்ணா, 500 ரூபாய்க்குக் கிடைக்கிற விண்டோஸுக்கு எதுக்கு அந்த மாடல்ல அவ்வளவு வாங்குறாங்க?” என்று கேட்டாள்.

சரியான கேள்வி. இரண்டு பகுதியாகப் பதில் சொல்கிறேன்.

முதலில், ‘டாஸ் மாடல்’ என்றால் என்ன? பெரும்பாலும் அதில் இருப்பது ஃப்ரீடாஸ். 1994இல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கிய இலவச ஓ.எஸ். அது. ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும், அவ்வளவுதான். அதில் யூடியூப் பார்க்க முடியாது, வைஃபை வராது. மெஷின் உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டும்தான் அது. ‘ஓ.எஸ். இல்லை’ என்று கடையில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சில மாடல்களில் உபுண்டு போட்டே வரும். அது முழுமையான லினக்ஸ் ஓ.எஸ்.

அடுத்து, அந்த 500 ரூபாய் விண்டோஸ். அது லைசென்ஸ் உள்ள விண்டோஸ் இல்லை. ‘ஆக்டிவேட்டர்’ என்று ஒரு புரோகிராமை ஓட்டி, லைசென்ஸ் இருப்பது போல விண்டோஸை ஏமாற்றுவார்கள். அந்த ஆக்டிவேட்டர் வேலை செய்யணும்னா முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்வார்கள், அட்மின் அனுமதி கேட்பார்கள். யார் எழுதினார் என்றே தெரியாத ஒரு புரோகிராமுக்கு வீட்டுச் சாவி, பீரோ சாவி இரண்டையும் கொடுத்துவிட்டு, காவல்காரரையும் வெளியே அனுப்புவது மாதிரி. அதே லேப்டாப்பில்தான் நீங்க நெட் பேங்கிங் பண்ணுவீங்க, ஸ்காலர்ஷிப்புக்கு ஆதார் விவரம் போடுவீங்க. மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகமாக இழக்க இதுதான் குறுக்குவழி.

அதனால் ஒரு விதி: டாஸ் மாடல் வாங்கினால் லினக்ஸ் போடுவதற்காக வாங்குங்க. விண்டோஸ் தேவை என்று முன்பே தெரிந்தால் விண்டோஸோடு வருவதையே வாங்குங்க. பின்னால் தனியாக விண்டோஸ் 11 ஹோம் வாங்கினால் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். கடையில் இரண்டு மாடலுக்கும் இடையே இருக்கிற வித்தியாசத்தைவிட அது அதிகம்.

தமிழ்நாடு இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது

லினக்ஸ் லேப்டாப் என்பது நமக்குப் புதுசு இல்லை. 2006க்குப் பிறகு, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த அரசு நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களையே சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘போஸ்’ என்கிற இந்திய லினக்ஸுக்குப் பின்னாலும் சென்னையில் நடந்த வேலை இருக்கிறது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு எல்காட்டுக்கு. முதல் ஆண்டுக்கே 9 லட்சத்துக்கும் அதிகமான மெஷின்களுக்கு டெண்டர் போனது. அப்படி ஒரு ஆர்டரில் எந்த ஓ.எஸ். இருக்கும் என்பது சின்ன விஷயமா? தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை மாதிரியான அமைப்புகள் லினக்ஸ் இருக்கணும்னு குரல் கொடுத்தன. மாணவர்கள் கைக்கு வந்த பல மெஷின்களில் போஸ் லினக்ஸ், விண்டோஸ் இரண்டுமே இருந்தன. ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேட்கும்.

எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. என் வகுப்பில் போஸ் பக்கம் போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அது மோசமாக இருந்ததால் இல்லை. அதில் என்ன பண்ணலாம்னு யாருமே சொல்லித் தரவில்லை. பாடப் புத்தகம் ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம். பக்கத்தில் கேரளாவைப் பாருங்க. ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தில் பள்ளிகளில் லினக்ஸைப் போட்டதோடு நிற்காமல், ஐ.டி. பாடத்தையும் செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதனால் அங்கே அது வேர் பிடித்தது. பக்கத்தில் சொல்லித் தர ஒருத்தர் இல்லாவிட்டால் எந்த ஓ.எஸ். இருந்தும் பிரயோஜனம் இல்லை. நீங்க வாங்கும்போதும் இதை மனசில் வையுங்க.

வாங்கின பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

விண்டோஸ் லைசென்ஸில், ஏற்க விருப்பம் இல்லை என்றால் தயாரிப்பாளரின் திருப்பிக் கொடுக்கும் கொள்கையைக் கேளுங்கள் என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி 1999 பிப்ரவரி 15 அன்று கலிஃபோர்னியாவில் லினக்ஸ் ஆட்கள் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கே போய் நின்றார்கள். ‘விண்டோஸ் ரீஃபண்ட் டே’ என்று அதற்குப் பெயர்.

இத்தாலியில் ஒருவர் லெனோவோ லேப்டாப்பில் வந்த விண்டோஸுக்காக 42 யூரோ கேட்டு வழக்குப் போட்டார். கம்பெனி மேல்முறையீடு செய்தது. 2020 டிசம்பரில் மோன்சா நகர நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, வழக்கை இழுத்தடித்ததற்காக 20,000 யூரோ கொடுக்கவும் உத்தரவிட்டது. கேட்க ஜாலியாக இருக்கு, இல்லையா? ஆனால் 2016 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சோனி வழக்கில் வேறு மாதிரி சொன்னது. மென்பொருளைச் சேர்த்தே விற்பது மட்டுமே தவறான வணிகம் ஆகாது, ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி விலை காட்ட வேண்டியதும் இல்லை என்றது. ஆரம்பத்தில் பேசின அந்த பில் இதனால்தான் அங்கேயும் அப்படியே இருக்கிறது.

42 யூரோவுக்காகக் கோர்ட்டுக்கு நடக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? முடிவை வாங்குவதற்கு முன்பே எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கடைக்குப் போகும்போது

முதலில் மாடல் நம்பரை முழுசாகப் பாருங்க. பெயர் ஒன்றாக இருந்தாலும் கடைசி எழுத்துகள் மாறினால் ரேம், ஸ்கிரீன், வைஃபை சிப் எல்லாம் மாறும். விலை குறைவு ஓ.எஸ். இல்லாததாலா, ஸ்கிரீன் மட்டமானதாலா என்று அப்போதுதான் தெரியும். ஆன்லைன் ஆஃபர் நேரத்தில் சில சமயம் விண்டோஸ் மாடலே மலிவாக வரும். அப்போது அதையே வாங்கி லினக்ஸையும் கூடப் போட்டுக்கொள்ளலாம், தப்பே இல்லை.

டாஸ், உபுண்டு மாடல்கள் பெரும்பாலும் அலுவலகங்களுக்கு விற்கிற வரிசையில்தான் இருக்கும். வாசலில் பளபளவென்று வைத்திருப்பதில் தேடாதீங்க. கடைக்காரரிடம் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார், இல்லை வரவழைத்துத் தருவார்.

பிறகு, ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டு எடுத்துட்டுப் போங்க. எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, கேமரா, டச்பேட், மூடித் திறந்தால் திரும்ப உயிர் வருகிறதா, இந்த ஐந்தையும் பாருங்க. இன்டெல் வைஃபை சிப் இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. கைரேகை சென்சார் பல மாடல்களில் லினக்ஸில் வேலை செய்யாது. இன்ஸ்டால் பண்ணும்போது எஸ்.எஸ்.டி.யே தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சில இன்டெல் மெஷின்களில் பயாஸில் ஸ்டோரேஜை ‘ஏ.ஹெச்.சி.ஐ.’ என்று மாற்றினால் தெரியும்.

தங்கச்சிக்கு டாஸ் மாடல்தான் எடுத்தோம். மிச்சமான பணத்தில் ரேமைக் கூட்டினோம். மலையில் இன்னொரு வசதியும் தெரிந்தது. விண்டோஸ் 11 ஹோமை முதல்முறை ஆன் பண்ணும்போதே இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டும் கேட்கும். பெரியப்பா வீட்டில் மொட்டை மாடிக்குப் போனால்தான் சிக்னல். மின்ட்டை சேலத்திலேயே இறக்கி பென்டிரைவில் எடுத்துப் போய், நெட் இல்லாமலே போட்டாச்சு. தமிழ்99 விசைப்பலகையும் செட்டிங்ஸிலேயே கிடைத்தது.

யார் வாங்கக் கூடாது?

ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் படிக்கிற மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள், ஃபோட்டோஷாப்பை வைத்துச் சம்பாதிப்பவர்கள், டேலி கணக்கு எழுதுபவர்கள் விண்டோஸோடவே வாங்குங்க. ஆன்லைன் தேர்வுக்குக் கல்லூரி சொல்கிற கண்காணிப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுமா என்று சேரும்போதே கேட்டுவிடுங்க. வேலோரன்ட் விளையாடுகிறவர்களுக்கும் அதே பதில், அது லினக்ஸில் ஓடாது. புரோகிராமிங், வெப், டேட்டா சயின்ஸ், எழுத்து வேலை, பிரவுசரில் முடிகிற வேலை இதெல்லாம் என்றால் தாராளமாக லினக்ஸ் போதும்.

கடைசியாக ஒன்று. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 சிப் வேணும், கிட்டத்தட்ட 2018க்குப் பிறகு வந்த பிராசசர் வேணும். அந்தப் பழைய அரசு லேப்டாப்களில் பெரும்பாலானவை இதில் தேறாது. அதற்காக எடைக்குப் போட்டுவிடாதீங்க. 2 ஜி.பி. ரேம் இருந்தாலும் லுபுண்டு மாதிரி இலகுவான லினக்ஸ் ஓடும். எழுத, படிக்க, பைதான் பழக அது போதும். வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் புதுசு வாங்குவதற்கு முன்னால் அதில் ஒரு வாரம் லினக்ஸ் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. செலவே இல்லாத சோதனை.

எங்கேயாவது மாட்டினால் தமிழிலேயே படிக்க 2012 முதல் வருகிற ‘கணியம்’ இதழ் இருக்கிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும், விழுப்புரத்தில் அதே மாதிரி ஒரு குழுவும் இருக்கின்றன. முதல்முறை இன்ஸ்டால் பண்ணும்போது பக்கத்தில் தெரிந்தவர் ஒருத்தர் இருந்தால் பாதி பயம் போய்விடும். எந்த மாடலில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் அதை வைத்தே பேசலாம்.