பழைய தொழில் போகும்போது புதிய வேலை யாருக்கு?

சுற்றுச்சூழலைக் காக்க ஒரு தொழிலை நிறுத்தினால், அதை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன செய்யும்? இதற்கு நம் தீவுகளிலேயே ஒரு பாடம் உண்டு.

1977-இல் அந்தமான் நிக்கோபார் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. லிட்டில் அந்தமான் எண்ணெய்ப்பனைத் தோட்டமும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய நம் தமிழர் உழைத்த கச்சால் ரப்பர் தோட்டமும் அதன் பொறுப்பில் இருந்தன. ஆயினும் கழகத்துக்குச் சோறு போட்டது மரம் வெட்டும் தொழிலே.

2002 மே 7-இல் உச்ச நீதிமன்றம் இயற்கைக் காட்டு மரங்களை வணிகத்துக்காக வெட்டத் தடை விதித்தது. காட்டுக்கும் பழங்குடியினருக்கும் அது நன்மையே. ஆனால் வருமானம் நின்ற கழகத்துக்கு ஈடான மாற்றுத் தொழில் அமையவில்லை. அரசுக் கடனில் சம்பளம் தந்து வந்த அதனை மூட 2017-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இப்போது டீசல் மின்சாரத்துக்கு மாற்றாகச் சூரிய மின்சாரம் வருகிறது. நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் நிலையங்களை அமைத்துள்ளது. இவற்றை நிறுவும்போது பலருக்கு வேலை. ஓடத் தொடங்கியபின் சிலருக்கே வேலை. டீசல் இயந்திரத்துக்கோ இரவு பகலாக ஆள் வேண்டும்.

ரயில்வேயில் நீராவி இன்ஜின்கள் விடைபெற்றபோது, கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்கள் பலர் பயிற்சி பெற்று டீசல் இன்ஜினில் உதவி ஓட்டுநர்களானார்கள். இன்ஜின் மாறியது; சம்பளம் நிற்கவில்லை.

இங்கும் அதுவே முறை. டீசல் இயந்திரம் நிற்கும் முன்பே அதன் தொழிலாளிக்கு இன்வெர்ட்டர், பேட்டரி பராமரிப்பு கற்றுத்தர வேண்டும். ஒப்பந்தத்திலேயே உள்ளூர் ஆட்களுக்கு இடம் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்டால்தான் பலன். நம் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.