ஒரு உருண்டை களிமண் போதும், ஆமை ரெடி! - தாமிரபரணிக் கரையின் கைவேலை

சாத்துக்குடி அளவு களிமண் உருண்டையை இடது உள்ளங்கையில் வையுங்கள். வலது கட்டைவிரலை நடுவில் அழுத்தி, அடியைத் தொடுவதற்குள் நிறுத்துங்கள். இனி உருண்டையைத் திருப்பிக்கொண்டே, விரல்களுக்கு நடுவில் மண்ணைக் கிள்ளிக் கிள்ளி மேலே தூக்குங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் குட்டிக் கிண்ணம் தயார். ஆங்கிலத்தில் இதை ‘பிஞ்ச் பாட்’ என்கிறார்கள். அதைக் கவிழ்த்து, நாலு கால், ஒரு தலை, ஒரு வால் ஒட்டினால் ஆமை!

சக்கரம் வேண்டாம், கருவி வேண்டாம். பாட்டியும் பேரனும் சேர்ந்தே செய்யலாம்.

ஆதிச்சநல்லூர் முதலை

மண்ணில் உயிரினங்களைச் செய்து ஒட்டுவது நம் ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கும் ஆதிச்சநல்லூரில், 2004-05-ல் மத்திய தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. இரும்புக் காலத்து முதுமக்கள் தாழிகளோடு ஒரு பானை ஓடும் கிடைத்தது. அதில் ஒரு பெண், கொக்கு, மான், முதலை. எல்லாமே மண்ணைத் திரட்டி, பானை மேல் ஒட்டிச் செய்த உருவங்கள்.

வயிறு காலியாக இருக்கணும்

‘மண்ணை அப்படியே பிடித்துப் பொம்மை செய்தால் என்ன?’ என்று கேட்கலாம். கெட்டியான பொம்மையின் உள்ளே ஈரம் காயவே காயாது. சூளையில் வைத்தால் அந்த ஈரம் ஆவியாகி, பொம்மை வெடித்துவிடும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவி எடுப்புக்குச் செய்யும் பெரிய மண்குதிரைகளுக்கும் உள்ளே கூடுதான்.

* சுவர் சுண்டுவிரல் கனத்துக்கு மேல் வேண்டாம்.
* ஆந்தை, மீன், யானைக்கு இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்து ஒட்டுங்கள். அடியில் குச்சியால் ஒரு சின்ன ஓட்டை போட்டால்தான் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்.
* ஒட்டும் இரண்டு இடத்தையும் முள்கரண்டியால் கீறி, தண்ணீரில் கரைத்த மண் குழம்பைத் தடவி அழுத்துங்கள். சும்மா ஒட்டினால் காயும்போது கால் கழன்றுவிடும்.
* கூந்தன்குளம் நாரை செய்ய ஆசையா? மெல்லிய கால் உடம்பைத் தாங்காது. கூட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் செய்யுங்கள்.
* வெயிலில் வைத்தால் விரிசல் விடும். நிழலில் ஒரு வாரம் காயட்டும்.

காய்ந்ததும் போஸ்டர் கலர் அடித்து அலமாரியில் வைக்கலாம். கேஸ் அடுப்பில் சுடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சரியாக வராத பொம்மையை, கலர் அடிக்கும் முன் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடியும் களிமண்தான்.

மண்ணுக்கு எங்கே போவது?

சேரன்மகாதேவியை அடுத்த ரயில் நிலையம் காருகுறிச்சி. நாதஸ்வரத்துக்கு ஒரு அருணாசலத்தைத் தந்த இந்த ஊர், மண்பாண்டத்துக்கும் பேர் போனது. பிசைந்த மண் கொஞ்சம் கிடைக்குமா என்று மண்பாண்டம் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கல், வேர் நீக்கி, மிதித்துப் பதமாக்கிய மண் என்பதால் பிள்ளைகள் கைக்குச் சட்டென்று வளையும்.

ஆனால், அந்த மண் அவர்களுக்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. குளம் வற்றும் மாதங்களில்தான் வண்டலை வெட்ட முடியும். அதற்கும் முன்பு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். 2024-ல் விதியைத் தளர்த்தி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு மாற்றியது. அனுமதி தாமதமாகி மழை முந்திக்கொண்டால், அந்த வருடத்து மண் தண்ணீருக்கு அடியில். மழைக்காலத்தில் பானை காயாது, சூளையும் எரியாது. மண் இருந்தால்தான் சட்டி, அடுப்பு, அகல் விளக்கு, பொங்கல் பானை எல்லாம்.

ஒரு ஆமைக்குக் கால் ஒட்டிப் பார்த்த பிள்ளைக்கு, கடையில் இருக்கும் பானைக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மண் வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அப்படியே மீன்குழம்புக்கு ஒரு சட்டியும் பேரம் பேசாமல் வாங்கி வாருங்கள்!