கம்பிக் கோலத்தின் இலக்கணம்

ஒரு தாளை எடுத்து மூன்று வரிசையாக, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள். பன்னிரண்டு புள்ளிகளையும் கம்பிக் கோலத்தின் முறைப்படி சுற்றி வாருங்கள். கோடு சாய்வாகவே போக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். ஓரத்துப் புள்ளி வந்ததும் அதை வளைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். கையை எடுக்காமல் இழுத்துப் போனால், எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்வீர்கள். ஒரே கம்பிதான்.

இப்போது நான்குக்கு நான்கு புள்ளி வைத்து அதே முறையில் இழுத்துப் பாருங்கள். கோலம் முடிவதற்குள் கோடு தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். விட்டுப்போன இடத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும், பிறகு இன்னொரு முறை, அதற்குப் பிறகும் ஒரு முறை. மொத்தம் நான்கு கம்பிகள். நான்குக்கு ஆறு புள்ளி என்றால் இரண்டு கம்பிகள் வரும்.

இதற்குள் இருக்கும் விதி மிக எளிது. வரிசை எண்ணையும் வரிசைக்குரிய புள்ளி எண்ணையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பிகள் வரும். மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவாக 1 மட்டுமே உண்டு. நான்குக்கும் ஆறுக்கும் 2. மொசாம்பிக் நாட்டில் வாழ்ந்த கணிதவியலார் பாலஸ் கெர்டஸ், அங்கோலாவின் சொக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து இழுக்கும் கோலங்களை ஆராய்ந்து இந்த விதியை விரிவாக எழுதினார். தமிழ்நாட்டுக் கோலங்களையும் அவர் தம் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்.

நம் வீட்டுப் பெண்கள் இந்த விதியை எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனால் நான்குக்கு நான்கு புள்ளியை ஒரே கம்பியாக்கும் வழி கை தேர்ந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில் வெட்ட விடாமல் இரண்டையும் வளைத்து விலக்கிவிட்டால், அந்த இரண்டு கம்பிகளும் இணைந்து ஒன்றாகிவிடும். நான்கு கம்பிகளை ஒன்றாக்க மூன்று இடங்களில் இப்படி விலக்கினால் போதும். எந்த மூன்று இடங்கள், கோலத்தின் நான்கு பக்கமும் அழகு கெடாமல் இருக்க இன்னும் எங்கெங்கே விலக்க வேண்டும் என்பதெல்லாம் போடுகிறவரின் தேர்வு. மாவைக் கையில் எடுத்துக் குனிந்த மாத்திரத்தில் அந்தத் தேர்வை அவர் செய்து முடிக்கிறார். இதைக் கைப்பழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அப்படி நகர்ந்துவிடாமல் நின்று பார்த்தவர்கள் சென்னைக்கு அடுத்த தாம்பரத்தில் இருந்தார்கள். 1837இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. கண்ணெதிரே இருப்பதை ஆராய்வது அந்த வளாகத்தின் பழக்கமாகவே வளர்ந்தது. எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே வேதியியல் பேராசிரியர். ஆனால் ஓய்வு நேரமெல்லாம் மலைகளில் செடி தேடியவர். தென்னிந்தியாவின் ஒரு சேம்பினத் தாவரமும் ஒரு கொடியும் இன்று அறிவியல் பெயரில் அவர் பெயரைச் சுமக்கின்றன. அவர் மனைவி ஆலிஸ் வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தார். அந்தப் புதர்க்காட்டைக் காக்கவும் அறியவும் மாணவர்களுக்கென்று ஒரு சங்கமே உண்டு.

புள்ளியியல் துறையில் கிஃப்ட் சிரோமணி (1932–1988) அதே பழக்கத்தோடு வேலை செய்தார். வளாகத்துப் பறவைகளும் மரங்களும் அவருக்குத் தரவுகள். பல்லவர் சிற்பங்களில் உள்ள ஆடை அணிகளும் தரவுகள். 1978இல் அவரும் துறையினரும் அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காணும் முறையை ஆய்விதழில் வெளியிட்டார்கள். இன்று கைப்பேசியைப் பழைய புத்தகத்தின் மீது காட்டியதும் எழுத்து திரையில் வந்து விழுகிறதே, அந்தப் பாதையில் தமிழுக்காக வைக்கப்பட்ட தொடக்க அடிகளில் அது ஒன்று. 1980இல் திருக்குறளைப் பழைய எழுத்து வடிவங்களில் பதிப்பித்த நூலும் அந்தத் துறையின் வெளியீடுதான்.

கோலத்தைக் கணிதத்துக்குள் கொண்டுவந்ததில் அவருடைய மனைவி ராணி சிரோமணியின் பங்கு முதன்மையானது. அதே கல்லூரியின் கணிதப் பேராசிரியரான அவர், கணினி அறிவியலில் முறைசார் மொழிகள் என்ற துறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர். அவருடைய மாணவி கமலா கிருத்திவாசன் பிற்காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். இம்மூவரும் சேர்ந்து 1972இல் பட மொழிகளைப் பற்றியும், 1974இல் நேரடியாகக் கோலத்தைப் பற்றியும் அனைத்துலக ஆய்விதழில் எழுதினார்கள்.

பட மொழி என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். இலக்கணம் படித்த தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். புணர்ச்சி விதிகள் என்ன செய்கின்றன? இந்த எழுத்துக்குப் பின் இந்த எழுத்து வந்தால் இப்படித் திரியும் என்று சில விதிகளைச் சொல்லி, கணக்கற்ற சொற்சேர்க்கைகளை அடக்கிவிடுகின்றன. 1950களில் நோம் சோம்ஸ்கி இந்த எண்ணத்தைக் கணித வடிவில் வைத்தார். ஒரு தொடக்கக் குறி, அதை எதுவாக மாற்றலாம் என்ற சில விதிகள், அவ்வளவுதான். அந்தக் கைப்பிடியளவு விதிகளிலிருந்து முடிவில்லாத வாக்கியங்கள் பிறக்கும்.

ஆனால் வாக்கியம் ஒரே திசையில் ஓடுவது. படம் அகலத்திலும் நீளத்திலும் விரிகிறது. ஒரு வரிசையில் ஒரு குறியை இரண்டாக மாற்றினால் அந்த வரிசை மட்டும் நீண்டு, கட்டம் கோணலாகிவிடும். மற்ற வரிசைகளும் கூடவே நீள வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் தாம்பரத்துக் குழு புதுவகை இலக்கணங்களை உருவாக்கியது. குறிகளை ஒற்றை ஒற்றையாகப் பார்க்காமல் முழுக் கட்டங்களாக எடுத்து, பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஒட்டிச் சேர்க்கும் விதிகளை எழுதினார்கள். அந்த விதிகள் சரியா என்று சோதிக்க அவர்களுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஐந்து புள்ளிக் கோலத்தை ஒன்பதுக்கும் பதினைந்துக்கும் விரித்துப் போடத் தெரிந்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஒரே விதியால் வளரும் கோலக் குடும்பங்கள் ஏற்கெனவே வாசல்களில் தயாராக இருந்தன.

இதைவிட எனக்கு வியப்பூட்டுவது அவர்கள் கோலம் போடுகிறவர்களிடம் கேட்டறிந்த செய்தி. சிக்கலான கம்பிக் கோலத்தை இத்தனை வேகமாக எப்படிப் போட முடிகிறது? தேர்ந்தவர்கள் அதை முழுப் படமாக மட்டும் நினைவில் வைத்திருப்பதில்லை. கையின் நகர்வுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். நேரே போ, வலப்பக்கம் அரைத் திருப்பம், இடப்பக்கம் முழு வளைவு, மறுபடி நேரே. இந்த நகர்வுகளுக்கு ஒவ்வொரு குறி கொடுத்துவிட்டால் முழுக் கோலமும் ஒரு வரி எழுத்தாகிவிடும். கணினிக்கு எழுதும் நிரலும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கிருந்து கதை உலகம் சுற்றுகிறது. 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலார் பாசியின் வளர்ச்சியை விளக்க ஓர் இலக்கணம் எழுதினார். க என்பது கச ஆகும், ச என்பது க ஆகும். ஒவ்வொரு படியிலும் எல்லா எழுத்துகளும் ஒரே நேரத்தில் மாறும். க, கச, கசக, கசககச, கசககசகசக என்று அது வளரும். எழுத்துகளை எண்ணுங்கள்: 1, 2, 3, 5, 8. முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை அடுத்தது. இந்த வகை இலக்கணங்களைக் கொண்டுதான் பின்னாளில் கணினித் திரையில் செடிகொடிகளை வளர்த்துக் காட்டினார்கள். அந்தத் துறையின் முன்னணி ஆய்வாளரான பிரெமிஸ்லாவ் புருசின்கீவிச், கமலா கிருத்திவாசனோடும் இன்னொருவரோடும் சேர்ந்து, அதே இலக்கணத்தால் கோலங்களையும் கர்நாடக இசையையும் உருவாக்கும் முறையை எழுதினார். கிஃப்ட் சிரோமணியின் நினைவாக 1989இல் வந்த தொகுப்பில் அது வெளியானது. கண்ணனின் கால் சிலம்பு என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் ஒரே கம்பிக் கோலம், செடியை வளர்க்கும் அதே வகை விதிகளால் படிப்படியாக வளர்வதைக் கணிதவியலார் மார்சியா ஆஷரும் எடுத்துக்காட்டினார். 2002இல் அமெரிக்க அறிவியல் இதழில் அவர் எழுதிய கட்டுரை, கோலத்தைக் கேள்விப்பட்டிராத பல்லாயிரம் வாசகர்களிடம் அதைக் கொண்டுசேர்த்தது.

நம் மலேசிய மண்ணோடும் இந்தத் தாம்பரத்து ஆய்வுப் பள்ளிக்கு ஒரு தொடர்பு உண்டு. ராணி சிரோமணியின் மாணவராகப் பட மொழிகளில் ஆய்வு செய்து, தாம்பரத்திலேயே பேராசிரியராக இருந்த கே. ஜி. சுப்ரமணியன், பின்னர் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

ஆனால் ஆய்வாளர்களுக்கு முன்பே கோலம் இங்கே வந்துவிட்டது. அதைச் சொல்ல நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர் தோட்டங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த மூட்டையில் புத்தகம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. கோலம் இருந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நிற்க வேண்டிய பெண்ணுக்குத் தினமும் பெரிய கோலம் போட நேரம் கிடையாது. வெள்ளிக்கிழமையும் பொங்கலும் தீபாவளியும் கோயில் திருவிழாவும் வந்தால் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசல்கள் நிறைந்தன. அடுத்த வீட்டு வாசலைப் பார்த்துப் புள்ளி எண்ணி மனத்தில் ஏற்றி, மறுவாரம் தன் வாசலில் போட்டுப் பழகிய சிறுமிகள் எத்தனை பேர்!

அதே கைகள்தான் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டின. மரத்தைப் பாதி சுற்றி, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும்படி, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் கோடு போட வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழல்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழல்கள் அறுபடும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய பட்டையைச் சீவ வேண்டும்; உள்ளே இருக்கும் வளர்படலத்தில் கத்தி பட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் இதைச் செய்தவர்களைத் தோட்டப் பதிவேடுகள் பெரும்பாலும் கூலிகள் என்றே எழுதின. அளவும் கோணமும் அறிந்தவர்கள் என்று எந்தப் பதிவேடும் எழுதவில்லை. கோலத்துக்கும் அதே கதிதான்.

இன்று பால்மரத்தின் இடத்தைப் பெரும்பாலும் செம்பனை பிடித்துக்கொண்டது. சிரம்பானையும் நீலாயையும் சுற்றித் தோட்டங்கள் இருந்த பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயங்கள் போன பிறகு மண் வாசலும் போனது. பேரங்காடிக் கூடங்களில் வண்ண அரிசிக் கோலங்கள் பெரிதாக வருகின்றன, பார்க்க அழகாகவும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வரைந்துகொண்டு நிறம் நிரப்பும் படங்கள். புள்ளி வைத்து ஒரே கம்பியாக இழுக்கும் கோலம், பெரும்பாலும் எழுபதைக் கடந்த பெண்களின் கைகளில்தான் தங்கி நிற்கிறது. அவர்கள் எந்தக் கோலத்தை எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள், தோட்டத்துக்கு வந்தபின் எதை மாற்றினார்கள், என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை நாம் அவர்களிடம் கேட்டாக வேண்டும். கேட்கும் காலம் குறுகிக்கொண்டு வருகிறது.

நெகிரி செம்பிலானில் ஏறக்குறைய அறுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாடு முழுதும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறிவியல் விழாக்களிலும் வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளிலும் பரிசு பெற்று வருவது நமக்கெல்லாம் பெருமை. அந்தப் போட்டி மேசைகளில் கோலத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது என் கோரிக்கை. அழகுப் போட்டியாக வேண்டாம், அறிவியல் ஆய்வாக வேண்டும். நான்காம் ஆண்டு மாணவர் புள்ளி எண்ணிக்கையை மாற்றி மாற்றிக் கம்பிகளை எண்ணி, விதியைத் தாமே கண்டுபிடிக்கலாம். ஆறாம் ஆண்டு மாணவர் கோலத்தின் நகர்வுகளைக் குறிகளாக எழுதி, பள்ளியில் கற்கும் நிரலாக்கத்தைக் கொண்டு திரையில் வரையலாம். இடைநிலைப் பள்ளி மாணவர் ஒரு சிறிய கோலத்தைப் பெரிதாக்கும் விதியை எழுதிப் பார்க்கலாம். இதற்குச் செலவு என்று பார்த்தால் ஒரு குறிப்பேடும் ஒரு பிடி அரிசி மாவும்தான்.

ஆசிரியர்களே, வரும் பொங்கலுக்கு முன் இந்தப் பணியைக் கொடுங்கள். ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டியிடமோ அடுத்த வீட்டுப் பாட்டியிடமோ உட்கார்ந்து ஒரு கம்பிக் கோலத்தைக் கற்றுவரட்டும். புள்ளி எத்தனை, நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா, கம்பி எத்தனை, எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்பியது என்று வரிசையாக எழுதிவரட்டும். கோலத்தின் பெயரையும், பாட்டி அதை எந்தத் தோட்டத்தில் யாரிடம் கற்றார் என்பதையும், அவர் சம்மதத்தோடு அதே பக்கத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.