பழைய மோட்டார் வண்டியும் கியர்ப் பெட்டியின் எண்ணெயும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் எஞ்சினுக்கு இடும் எண்ணெயைக் குறித்துக் கவலை கொள்ளுதல் இயல்பு. இத்தனை மைல் ஓடியபின் அதனை மாற்ற வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகளில் அக்கியர்ப் பெட்டிக்குள்ளும் ஓர் எண்ணெய் உண்டென்பதையும், அதுவும் நாளடைவிற் கெடும் இயல்பினது என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். மறவாதாருள்ளும் சிலர், "பழைய வண்டியில் அவ்வெண்ணெயைத் தொடலாகாது, மாற்றினால் வண்டி நின்றுவிடும்" என்று அஞ்சுகின்றனர். மறதி, அச்சம் ஆகிய இவ்விரண்டினாலும் நல்ல நிலையிலிருந்த பெட்டிகள் பல வீணாகின்றன. ஆகவே, அவ்வெண்ணெய் யாது செய்கின்றது, ஏன் கெடுகின்றது, எப்பொழுது மாற்றத்தகும், எப்பொழுது மாற்றியும் பயனில்லை என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

கியர்ப் பெட்டிகள் பல வகையின. எல்லாவற்றையும் ஒருங்கே கூறப் புகின் தெளிவு பிறவாது. ஆதலின் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1969-ஆம் ஆண்டு வண்டிகளில் வெளியிட்ட "டர்போ-ஹைட்ராமாட்டிக் 350" என்னும் பெட்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஷெவர்லே, பியூக் முதலிய வண்டிகளில் அமைந்த இது, முன்செல்ல மூன்று கியர்களை உடையது. பழைய வண்டிகளைப் பேணும் அமெரிக்கர் பலர் இன்றும் இதனைக் கையாளுகின்றனர். இதனை நன்கு உணர்ந்தோர்க்கு அக்காலத்துப் பிற பெட்டிகளின் இயல்பும் எளிதில் விளங்கும்.

பெட்டி வந்த வரலாறு

எண்ணெயின் ஓட்டத்தாலேயே ஒரு சக்கரத்தின் ஆற்றலை மற்றொரு சக்கரத்திற்குச் செலுத்தலாம் என்று கண்டவர் ஹெர்மன் பாட்டிங்கர் என்னும் ஜெர்மானியர். அவர் 1905-ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். கப்பல்களை இயக்கும் பொருட்டே அவர் அதனை அமைத்தனர். பின்னர் அது மோட்டார் வண்டிக்கும் வந்தது. 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் "ஹைட்ரா-மாட்டிக்" என்னும் பெட்டி அமைக்கப்பெற்றது. அன்று முதல் கிளச்சை மிதித்துக் கியர் மாற்றும் தொல்லை சாரதிக்கு இல்லாதொழிந்தது. அத்தொல்லை முழுவதையும் ஏற்றுக்கொண்டது யாதெனின், பெட்டியினுள் இருந்த எண்ணெயே.

எண்ணெயின் ஐந்து தொழில்கள்

எஞ்சினில் உள்ள எண்ணெய் உராய்வைக் குறைப்பதே தலையாய தொழிலாக உடையது. கியர்ப் பெட்டியின் எண்ணெய்க்கோ தொழில்கள் ஐந்து. முதலாவது, எஞ்சினின் ஆற்றலைப் பெட்டிக்குள் கொண்டு செலுத்துதல். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே "டார்க் கன்வர்ட்டர்" என்னும் உருண்டை வடிவான கருவி உளது. அதனுள் எஞ்சினோடு சுழலும் விசிறி ஒன்று எண்ணெயை வீசுகின்றது. எதிரே நிற்கும் மற்றொரு விசிறி அவ்வெண்ணெயின் வேகத்தை ஏற்றுச் சுழல்கின்றது. மின்விசிறி ஒன்றின் காற்றால் எதிரே உள்ள விசிறி சுழல்வதை ஒப்பது இது. இரண்டாவது, பெட்டியின் பம்பு தரும் அழுத்தத்தைத் தாங்கி வால்வுகளினூடே சென்று, உரிய காலத்தில் உரிய கிளச்சை இறுக்கிக் கியரை மாற்றுதல். மூன்றாவது, பற்சக்கரங்கள் தேயாவண்ணம் காத்தல். நான்காவது, பெட்டியிற் பிறக்கும் உஷ்ணத்தை ரேடியேட்டரின் ஒரு பகுதிக்குக் கொண்டு சென்று ஆற்றி மீளுதல். ஐந்தாவது, கிளச்சு வட்டுக்கள் ஒன்றையொன்று பற்றுங்கால், திடுமெனப் பற்றாமலும் வழுக்கிக்கொண்டே போகாமலும் அளவாகப் பற்றச் செய்தல்.

எனவே இவ்வெண்ணெய் யந்திரத்திற்குப் பூசும் பொருளன்று. யந்திரத்தின் உறுப்புக்களுள் ஒன்று என்றே கொள்ளத்தகும். எஞ்சின் ஓடாதபோது பம்பும் ஓடாது. பம்பு ஓடாதபோது எண்ணெயும் செல்லாது. இத்தகைய வண்டியின் பின்சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுத்துச் செல்லலாகாது என்று விலக்கியிருப்பதும் இதனாலேயே.

ஐந்தாவது தொழிலே மிக நுட்பமானது. அதன் பொருட்டு எண்ணெயிற் சில சரக்குகள் சேர்க்கப்படுகின்றன. 1949-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் "டைப்-ஏ" என்னும் எண்ணெய்க்கு இலக்கணம் வகுத்தனர். 1967-ஆம் ஆண்டில் "டெக்ஸ்ரான்" தோன்றிற்று. இவ்வெண்ணெய்களில் உராய்வைச் செவ்வைப்படுத்தச் சேர்க்கப்பட்ட சரக்குகளுள் ஒன்று ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயாகும். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தார் அத்திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிற் சேர்த்தனர். அதன்பின் செயற்கைச் சரக்குகள் அவ்விடத்தைப் பெற்றன. போர்ட் கம்பெனியாரோ தம் பழைய பெட்டிகளுக்கு "டைப்-எப்" என்னும் வேறோர் எண்ணெயை விதித்தனர். அதில் உராய்வைத் தணிக்கும் அச்சரக்கு இல்லை. அதனால் கிளச்சு விரைந்து பற்றும். இரண்டும் செந்நிறமுடையன, பார்வைக்கு வேற்றுமையில்லை. ஆயினும் ஒன்றற்குரிய இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் கியர் மாறும் தன்மையே திரிந்துவிடும். நிறத்தை நம்பாது, வண்டியின் கைந்நூல் கூறும் வகையையே வாங்குதல் வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட பெட்டிக்கு உரியது டெக்ஸ்ரான் இனத்தது.

கெடுதலும் அதன் குறிகளும்

எண்ணெய்க்குப் பெரும்பகை உஷ்ணம். மலையேற்றம், பாரம் இழுத்தல், நெருக்கமான தெருக்களில் நின்று நின்று செல்லுதல் ஆகியவற்றால் கன்வர்ட்டரில் உஷ்ணம் மிகுகின்றது. உஷ்ணம் மிகுந்த எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிப் புளிப்புத் தன்மை அடைகின்றது. சேர்த்த சரக்குகள் வலியிழக்கின்றன. வார்னிஷ் போன்ற படலம் வால்வுகளிற் படிகின்றது. ரப்பர் சீல்கள் இறுகி விறைக்கின்றன. சீல் விறைத்தால் அழுத்தம் ஒழுகும். அழுத்தம் குறைந்தால் கிளச்சு வழுக்கும். வழுக்கினால் உஷ்ணம் மேலும் மிகும். இங்ஙனம் ஒரு கேடு மற்றொரு கேட்டை ஈன்று வளர்க்கின்றது.

அளவு காட்டும் கோலை உருவி, நுனியிலுள்ள எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தால் பெட்டியின் நிலை ஒருவாறு புலப்படும். தெளிந்த செந்நிறம் நலத்தைக் காட்டும். சிறிது பழுப்பேறியும் தீய நாற்றமின்றியும் இருப்பின் மாற்றுதற்குக் காலமாயிற்று என்று அறிக. கருநிறமும் தீய்ந்த நாற்றமும் கூடின், கிளச்சு வட்டுக்கள் எரிந்தன என ஐயுறலாம். பால் கலந்தாற்போன்ற இளஞ்சிவப்பு நிறம் தோன்றின், ரேடியேட்டரின் நீர் உட்புகுந்தது என்பது பொருள். அவ்வண்டியை மேலும் ஓட்டுதல் தகாது.

மாற்றும் முறை

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கிக் கொள்க. கொதிக்கும் சூட்டில் தொடங்கினால் கை வெந்துபோம். பின்னர்ச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்துக. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின்கீழ்ப் புகுதல் உயிருக்கு இறுதி.

இப்பெட்டியின் எண்ணெய்த் தட்டுக்கு வடிதுளை இல்லை. தட்டைப் பிணித்துள்ள 13 போல்ட்டுகளையே கழற்றுதல் வேண்டும். ஒரு புறத்தனவற்றை முற்றக் கழற்றி, எதிர்ப்புறத்தனவற்றைத் தளர்த்தினால், தட்டு ஒரு பக்கம் சாய, எண்ணெய் அவ்வழியே கீழ்வைத்த பாத்திரத்தில் இழியும். பின் தட்டை முழுவதும் எடுத்து அடியிற் படிந்ததை நோக்குக. சாம்பல் நிறமான மென்சேறு சிறிதளவு இருத்தல் இயல்பான தேய்மானமே. மின்னும் உலோகத் துண்டுகளோ, பித்தளை நிறமான சிதர்களோ, கரிய வட்டுத் துகள்கள் மிகுதியாகவோ காணப்படின் உள்ளே உறுப்புக்கள் அழிகின்றன என்று உணர்க.

பழைய வடிகட்டியை நீக்கிப் புதியதைப் பொருத்துக. தட்டின் விளிம்பையும் பெட்டியின் முகத்தையும் கீறலின்றித் துடைத்துப் புதிய பேக்கிங் வைத்து மூடுக. நூல் உதிரும் துணியால் உட்புறத்தைத் துடைத்தலாகாது. ஓர் இழை வால்வில் அகப்படினும் தடையாகும். பெட்டி அலுமினியத்தாலாயது, போல்ட்டோ இரும்பு. ஆகவே முறுக்கின் அளவு சுமார் 12 அடி-பவுண்டுக்கு மிகாமல், சுற்றிலும் சிறிது சிறிதாக இறுக்குக. வலியுண்டென்று மிகுதியாக இறுக்குவோர் மரையை அழிப்பர், பேக்கிங்கையும் பிதுக்குவர்.

பின் கோல் செருகும் குழாயின் வழியே புதிய எண்ணெயை ஊற்றுக. தட்டிலிருந்து வடிந்தது எத்துணையோ அத்துணையினும் சிறிது குறையவே முதலில் ஊற்றி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தவாறே கியர்க் கோலை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்திப் பார்க் நிலையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே அளவு பார்த்தல் வேண்டும். முடிவான அளவு, எண்ணெய் 180 முதல் 200 டிகிரி பாரன்ஹீட் வரை சூடேறியபின் பார்ப்பதே. கோலிலுள்ள இரு குறிகளுக்கும் இடைப்பட்டது ஒரு பைண்ட் மாத்திரமே. குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்தால் சுழலும் உறுப்புக்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தந் தாங்கும் வலியில்லை. ஆதலின் குறைவும் மிகுதியும் ஒரே தீங்கைச் செய்யும்.

ஒரு கணக்கு

இவ்விடத்துப் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இப்பெட்டி கொள்ளும் எண்ணெய் மொத்தம் சுமார் 10 குவார்ட். தட்டை இறக்கினால் வடிவதோ சுமார் 3 குவார்ட். எஞ்சியது கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றியபின்னும் பத்தில் ஏழு பங்கு பழையதே. அதனோடு சிலகாலம் ஓட்டி மறுமுறை மாற்றின், பழையது நூற்றுக்கு 49 பங்காகும். மூன்றாம் முறை மாற்றின் 34 பங்காகும். ஒருமுறை மாற்றி எல்லாம் புதிதாயிற்றென்று மகிழ்தல் பிழை. நெடுநாள் மாற்றாத வண்டிக்கு இங்ஙனம் படிப்படியாக மாற்றுவதே நன்று. உள்ளிருக்கும் படலம் ஒரே வீச்சிற் பெயர்ந்து வால்வுகளை அடைக்கும் என்று அஞ்சுவோர்க்கும் இம்முறை ஆறுதல் தரும்.

அச்சம் மெய்யோ?

இனி, "புதிய எண்ணெயே பழைய பெட்டியைக் கொல்லும்" என்னும் கூற்றை ஆராய்வோம். பெரும்பாலோர் எண்ணெயை நினைப்பது எப்பொழுது? கியர் வழுக்கத் தொடங்கியபின்னரே. அந்நிலையில் வட்டுக்கள் எரிந்து முடிந்தன. எண்ணெய் எத்துணைத் தூயதாயினும் தேய்ந்த வட்டை வளர்க்காது. தேய்ந்த துகள்கள் கலந்த பழைய எண்ணெயின் சொரசொரப்பினால் ஒருவாறு பற்றிக்கொண்டிருந்த கிளச்சு, புதிய எண்ணெயில் முற்றிலும் வழுக்குதலும் கூடும் என்பர். அங்ஙனமாயினும் எண்ணெய் நோயை உண்டாக்கிற்றில்லை. முன்னமே இருந்த நோயை வெளிப்படுத்திற்று. காகம் இருக்கப் பனம்பழம் வீழ்ந்த காகதாலீய நியாயத்தை இங்கு நினைவு கூர்க. முன் நிகழ்ந்தது எல்லாம் பின் நிகழ்ந்ததற்குக் காரணமாகாது.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இது. எண்ணெய் பழுப்பேறினும், வண்டி வழுக்காது செவ்வனே கியர் மாறுமாயின், எத்துணை மைல் ஓடியதாயினும் அஞ்சாது மாற்றுக. தட்டை இறக்கிப் படிப்படியாக மாற்றுக. தீய்ந்த நாற்றமும் வழுக்கலும் தோன்றியிருப்பின், எண்ணெய் மாற்றத்தை மருந்தென்று நம்பாது, பெட்டியைப் பிரித்துச் செப்பனிடுவதற்கே பொருள் சேர்க்க. பழைய வண்டியை வாங்க நினைப்போரும் விலை பேசுமுன் அக்கோலை உருவிப் பார்த்தல் நலம். பிற்காலத்து வண்டிகள் சிலவற்றில் "ஆயுள் முழுவதற்கும் இவ்வெண்ணெயே போதும்" என்று எழுதியிருக்கக் காணலாம். யாருடைய ஆயுள் என்பதே வினா. எண்ணெய் கெடுங்கால் பெட்டியின் ஆயுளும் அதனோடு முடியுமாயின், அக்கூற்றுப் பொய்யன்று!

வடித்த எண்ணெயை மண்ணிலும் சாக்கடையிலும் கொட்டுதல் பெருந்தீங்கு. அது நிலத்தடி நீரையும் கெடுக்கும். மூடிய கலத்திற் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் ஒப்படைத்தலே முறை.

கண்ணுக்குத் தோன்றும் உறுப்புக்களைத் துடைத்து மினுக்குதல் எளிது. கண்ணுக்குத் தோன்றாது உள்ளே உழைப்பதனைக் காலமறிந்து பேணுதலே அறிவுடைமை. சில குவார்ட் எண்ணெயும் அரைநாள் உழைப்பும் செலவிடத் தயங்கிப் பெட்டி முழுவதையும் இழப்பாரைப் பட்டறைதோறும் காணலாம். அவருள் ஒருவராகாது தம்மைக் காத்துக்கொள்ளுதல் வண்டியுடையார் ஒவ்வொருவர்க்கும் எளிதேயாம்.