விரல் நுனிக்கும் உள்ளங்காலுக்கும் ஒரே தோல்: திருமலைக்கு வெறுங்காலில் ஏறுவோர் அறிய வேண்டியவை

திருப்பதி: திருமலை ஏழுமலையானைத் தரிசிக்கப் படிவழியாகச் செல்லும் பக்தர்களில் பலர், வேண்டுதலின் பேரில் வெறுங்காலுடனேயே மலையேறுகின்றனர். முழங்கால் வலிக்கும் மூச்சிரைப்புக்கும் ஆயத்தமாகும் பலர், உள்ளங்காலின் தோலை மறந்துவிடுகின்றனர். கொப்புளமும் தோல் உரிதலும் பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால், நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறு கொப்புளமும் ஆறாத புண்ணாக மாறக்கூடும்.

அலிபிரி பாதையில் சுமார் 3,550 படிகளும், சந்திரகிரி பக்கமுள்ள ஸ்ரீவாரி மெட்டு பாதையில் 2,388 படிகளும் உள்ளன. அலிபிரி வழியின் நீளம் ஏறத்தாழ 9 கிலோ மீட்டர். பாதையின் பெரும்பகுதிக்கு மேற்கூரை உண்டு. எனினும் படிகள் கருங்கல்லால் ஆனவை. இறுதிக் கட்டத்தில் வரும் மோகாள்ள பர்வதம் செங்குத்தானது. தெலுங்கில் 'மோகாள்ளு' என்றால் முழங்கால்கள் என்று பொருள்.

தமிழ்நாட்டில் இருந்து பாதயாத்திரை வருவோருக்குச் சுமை இன்னும் கூடுதல். வேலூர் பக்கமிருந்து வருவோர் சித்தூர் வழியாகவும், சென்னை, திருவள்ளூர் பக்கமிருந்து வருவோர் நகரி, புத்தூர் வழியாகவும் நடக்கின்றனர். சித்தூரில் இருந்து திருப்பதிக்கு மட்டும் சுமார் 70 கிலோ மீட்டர் தொலைவு. இவர்கள் அலிபிரியை அடையும் முன்பே பாதத் தோல் களைத்திருக்கும்.

தோலின் தன்மை என்ன?

உள்ளங்கை, விரல் நுனி, உள்ளங்கால் ஆகிய மூன்றிலும் ஒரே வகைத் தோல்தான் உள்ளது. இது தடித்தது, முடியற்றது, எண்ணெய் சுரப்பிகள் இல்லாதது, வியர்வைச் சுரப்பிகள் நிறைந்தது. எண்ணெய் சுரக்காததால் எளிதில் வறண்டு வெடிக்கும். வியர்வை மிகுந்தால் ஊறி மென்மையாகும். ஈரத்தில் ஊறிய தோல் கல்லுடன் அதிகமாக உராயும். அப்போது மேல்தோலின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக, அந்த இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளம் உண்டாகிறது.

பாறையேறும் வீரர்களின் பாடம்

இதே சிக்கலை விரல் நுனியில் நாள்தோறும் சந்திப்பவர்கள் பாறையேறும் வீரர்கள். கர்நாடகத்தின் ஹம்பியில் உள்ள கருங்கல் பாறைகள் உலகெங்கும் இருந்து இவர்களை ஈர்க்கின்றன. 2021-ல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

வியர்வையை உறிஞ்ச மெக்னீசியம் கார்பனேட் தூளைக் கையில் பூசிக்கொண்டு ஏறும் இவர்கள், ஏறி முடித்ததும் அதை நன்றாகக் கழுவிவிட்டு, இரவில் ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தடவுகின்றனர். காய்ப்பு மேடாக எழும்பினால் அதன் விளிம்பு பாறையில் சிக்கித் தோலோடு கிழியும் என்பதால், அதை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துகின்றனர். விரல் நுனி சிவந்து எரியத் தொடங்கினால் அன்றைய ஏற்றத்தை நிறுத்திவிடுகின்றனர். கிழிந்த தோல் ஆறப் பல நாட்கள் ஆகும். கிழியுமுன் நிறுத்தினால் ஓரிரு நாள் ஓய்வே போதும் என்பதே அவர்களின் கணக்கு.

பாதத்துக்குப் பொருந்துவது எப்படி?

மேல்தோல் முழுமையாகப் புதுப்பிக்கப்பட நான்கு வாரங்களுக்கு மேல் ஆகலாம். எனவே வெறுங்காலில் நடக்க விரும்புவோர், பல வாரங்களுக்கு முன்பே நாள்தோறும் சிறிது தூரம் நடந்து பழகுவது நல்லது. முதல் நாள் இரவு களிம்பு தடவலாம். ஏறும் நேரத்தில் தடவினால் தோல் மென்மையாவதுடன் படியில் வழுக்கும் ஆபத்தும் உண்டு.

வழியில் அமரும்போதெல்லாம் பாதத்தைத் துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சூடும் எரிச்சலும் தெரிந்தால் அது கொப்புளத்தின் முன்னறிவிப்பு. அப்போதே அந்த இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரி போட வேண்டும். கோடையில் திருப்பதியில் வெப்பநிலை 40 டிகிரியைக் கடப்பதுண்டு. கூரையில்லாத கல்லும் தாரும் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால் விடியற்காலையில் ஏறுவதே உகந்தது.

கொப்புளம் வந்துவிட்டால் அதன் மேல்தோலை உரிக்கக் கூடாது. அடியிலுள்ள புதுத்தோலுக்கு அதுவே காப்பு. சோப்பு நீரால் கழுவி, சுத்தமான கட்டுப் போட்டால் போதும். தோல் கிழிந்து மண் பட்டிருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். திருமலையில் அஸ்வினி மருத்துவமனையும், திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை, ஸ்விம்ஸ் ஆகியவையும் உள்ளன.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்துக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. நெடுநாள் நீரிழிவு கால் நரம்புகளை மழுங்கச் செய்வதால் சூடோ வலியோ தெரியாமல் போகலாம். பாறையேறும் வீரரை நிறுத்தச் சொல்லும் எரிச்சல் என்ற எச்சரிக்கை மணி, இவர்களுக்கு ஒலிப்பதே இல்லை. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறத் தாமதமாகும். தொற்று முற்றினால் விரலையோ காலையோ அகற்ற நேரிடலாம்.

ஆகவேதான் நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். பயணத்துக்கு முன் பாதப் பரிசோதனை செய்துகொள்வது, திருப்பதியில் இருந்து பேருந்தில் மலையேறுவது ஆகியவை பாதுகாப்பான வழிகள். காலணி கழற்ற வேண்டிய கோயில் பகுதியில் தடித்த பருத்திக் காலுறை ஓரளவு உதவும். அறைக்குத் திரும்பியதும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். குனிய இயலாதவர்கள் கண்ணாடியை வைத்தோ உடன் வந்தவரின் உதவியுடனோ பார்க்கலாம். கொப்புளத்தைத் தாங்களே குத்துவதும், காய்ப்பைப் பிளேடால் சீவுவதும் கூடாது.