மதிலுக்கு வெளியேயும் தீ விதி உண்டு

2025 ஜூலை 13 அதிகாலை. திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. 18 டேங்கர் பெட்டிகள் எரிந்தன. பாதையோரக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் அவசர அவசரமாக வெளியேற்றப்பட்டார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

ரயிலில் நடந்தது நாளை ஓர் ஆலையில் நடந்தால் நாம் எந்தப் பக்கம் ஓடுவது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியும் காக்களூர் சிட்கோவைச் சுற்றியும் வாழ்கிற நமக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா? தேர்வாய்கண்டிகையில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். ஆடு மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நிலத்தில் தொழிற்பூங்கா வேண்டாம் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஆனாலும் பூங்கா வந்தது. மதிலுக்கு உள்ளே தீயணைப்பு விதிகள் இருக்கின்றன. மதிலுக்கு வெளியே இருக்கிற நமக்கும் விதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில், தீ விதி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இந்திய தர நிர்ணய அமைவனம் தேசியக் கட்டட விதித்தொகுப்பை 1970-இல் முதன்முதலாக வெளியிட்டது. பின்னர் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அதன் 4-ஆம் பகுதி முழுக்கத் தீயையும் உயிர்ப் பாதுகாப்பையும் பற்றியது. வெளியேறும் வழி எத்தனை, படிக்கட்டின் அகலம் எவ்வளவு, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்றெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தத் தொகுப்பு தானாகச் சட்டம் ஆகிவிடாது. மாநில அரசு தன் விதிகளுக்குள் எடுத்துக்கொண்டால்தான் அதற்குச் சட்ட பலம் வரும். தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நகரத்துக்கும் ஊராட்சிக்கும் சேர்த்தே பொருந்தும்.

அடுத்தது, இதைப் படிக்க முடியுமா என்ற கேள்வி. தேசியத் தொகுப்பு ஆங்கிலத்தில் உள்ள, விலைக்கு விற்கப்பட்ட பெரிய நூல். உயிரைக் காக்கும் தர விதிகளைக் குடிமக்கள் காசு கொடுக்காமல் படிக்க வேண்டும் என்று 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போடப்பட்டது. சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவனுக்குச் சட்டத்தைக் காட்டாமல் இருப்பது என்ன நியாயம்? எழுத்தும் நூலும் யாருக்கு என்ற பழைய கேள்வியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, விதி எப்படி மாறுகிறது? பெரும்பாலும் பிணங்கள் விழுந்த பிறகுதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதன் பிறகே பள்ளிகளின் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அந்தத் தீயைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட வழக்கில், நாட்டின் எல்லாப் பள்ளிகளும் தேசியத் தொகுப்பின் தீப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை வர ஐந்து ஆண்டுகள் ஆயின.

விபத்துக்குக் காத்திராமலும் விதியை மாற்றலாம். தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளின் வரைவை அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது 45 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். ஆலை முதலாளிகளின் சங்கங்கள் எழுதுகின்றன. நம் சங்கங்களும் எழுத வேண்டும்.

இனி மதிலுக்கு வெளியே வருவோம். 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, ஆலையை ஒட்டிய குடிசைகளில் இருந்த ஏழைகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தவைதான் 1989-ஆம் ஆண்டின் ஆபத்தான ரசாயனங்கள் குறித்த விதிகள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாய ரசாயனம் வைத்திருக்கும் ஆலை, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்து மக்களுக்கு என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆலைக்கு வெளியே மக்களைக் காப்பாற்றும் திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும்.

1996-ஆம் ஆண்டின் ரசாயன விபத்து விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. தொழிற்பகுதிகளில் உள்ளூர் நெருக்கடிக் குழு அமைக்க வேண்டும். வருவாய்க் கோட்ட அளவிலான அதிகாரி அதற்குத் தலைவர். தீயணைப்பு அலுவலர், காவல் ஆய்வாளர், மருத்துவர் ஆகியோருடன் ஊராட்சித் தலைவர் அல்லது ஊர்ப் பிரமுகர் ஒருவருக்கும் அதில் இடம் உண்டு. குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை நடத்த வேண்டும்.

அந்த இடத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று தலித் பெண் ஊராட்சித் தலைவர் பள்ளியில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்த பிறகே, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். கொடிக்கம்பத்துக்கே விடாதவர்கள் நெருக்கடிக் குழுவின் நாற்காலிக்கு அழைப்பார்களா? "ஊர்ப் பிரமுகர்" என்ற பெயரில் ஊர்த் தெருக்காரர் ஒருவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், காலனிப் பக்கம் சைரன் கேட்குமா என்று யார் கேட்பது?

கேட்க வழி இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. நம் ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளில் அபாய ரசாயனம் வைத்திருப்பவை எவை, அவசரத் திட்டம் தமிழில் எங்கே, கடைசி ஒத்திகை எப்போது, அதில் காலனி சேர்க்கப்பட்டதா? இந்த நான்கு கேள்விகளையும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் அலுவலகத்துக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். ஆலைக்குள் வேலை செய்யும் அண்ணன், அக்காவிடமும் சொல்லுங்கள்: தன் பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்குப் பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது.

ஆலைக்கு இடம் கொடுத்தது நம் மேய்ச்சல் நிலம். உள்ளே உழைப்பதும் நம் பிள்ளைகள். தீப்பிடித்தால் முதலில் புகை வருவதும் நம் வீட்டுக்குத்தான். அந்த விதிப் புத்தகத்தில் நமக்கு என்று எழுதியிருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குவோம்.