கொரில்லாவின் கானக வாழ்வும் கூண்டு வாழ்வும்

கொரில்லா என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், மார்பில் அறைந்துகொண்டு மனிதர்மேற் பாயும் ஒரு பூதமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. 1861-ஆம் ஆண்டில் போல் டு ஷயு என்னும் பயணி வெளியிட்ட நூல் இவ்வச்சத்தைப் பெரிதும் பரப்பிற்று. அஃது உண்மையன்று என்பதை, 1959-60-ஆம் ஆண்டுகளில் விருங்கா மலைகளில் தங்கி ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலரும், 1967-இல் ருவாண்டா நாட்டில் கரிசோக்கே என்னும் நிலையத்தை நிறுவிய டயன் ஃபாஸி அம்மையாரும் உலகினர்க்கு உணர்த்தினர்.

மலைக்கொரில்லா பெரும்பாலும் இலை தழை உண்டு வாழ்வது. மூங்கிற் குருத்தும், தண்டும், நம்மைத் தீண்டினாற் சுணைக்கும் செந்தட்டியுங்கூட அதற்கு உணவாம். பகலில் ஏறக்குறைய பாதிப்பொழுது உணவு தேடுவதிலும் உண்பதிலுமே கழியும். நண்பகலில் பெரியவை படுத்திருக்க, குட்டிகள் அவற்றின்மேல் ஏறி விளையாடும். மாலைதோறும் ஒவ்வொன்றும் தழைகளை வளைத்துப் புதிய படுக்கை அமைத்துக்கொள்ளும். பால்குடி மறவாக் குட்டி மாத்திரம் தாயுடன் உறங்கும். முதுகு நரைத்த ஆண் ஒன்றே குடும்பத்தை நடத்திச் செல்லும். அது மார்பில் அறைவதும் முட்டியால் அன்று, குழித்த உள்ளங்கையால் என்பது பலர் அறியாத செய்தி. அவ்வொலி பெரும்பாலும் சண்டைக்கு அழைப்பதன்று. சண்டையைத் தவிர்ப்பதற்கே பயன்படுகின்றது.

இனிக் கூண்டு வாழ்வை நோக்குவோம். குட்டியைப் பிடிக்க விரும்புவோர் அதனைக் காக்க வரும் பெரியவற்றைக் கொல்லாமற் பிடித்தல் அரிது. 1969-இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் காட்சிசாலைக்காகப் பிடிக்கப்பட்ட கோக்கோ, பக்கர் என்னும் இரு குட்டிகளின் பொருட்டும் அவற்றின் சுற்றம் பல மாண்டன. நோயுற்றிருந்த அவ்விரண்டையும் ஃபாஸி அம்மையார் பேணி நலமாக்கினார். பின்னர் அவர் மனம் நோவ அவை கப்பப்பொருள்போல அனுப்பப்பட்டன. 1978-இல் இரண்டும் இறந்தன. இன்று காட்சிசாலைகளில் உள்ளவை ஏறக்குறைய எல்லாம் மேற்குத் தாழ்நிலத்து இனத்தவையே.

கூண்டில் பசியில்லை, வேடனில்லை, மருத்துவரும் உளர். 1956-இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் பிறந்த கோலோ, மனிதர் காவலில் பிறந்த முதற் கொரில்லா. அஃது 60 ஆண்டு வாழ்ந்து 2017-இல் இறந்தது. காட்டில் அத்துணை ஆயுள் வாய்ப்பதில்லை. இதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும், நாள் முழுதும் மெல்ல வேண்டிய உணவைச் சிறிது நேரத்தில் உண்டுவிட்டு வாளா இருக்கும் விலங்கு, உண்டதைக் கக்கி மீண்டும் உண்ணுகின்றது. தன் மயிரைத் தானே பிடுங்குகின்றது. வளர்ந்த ஆண்களை இதயநோய் மிகுதியும் கொல்லுகின்றது.

தனிமையே எல்லாவற்றினும் கொடிது என்பது எம் கருத்து. ஐவன் என்னும் கொரில்லா, டக்கோமா நகரத்துக் கடையொன்றில் வாடிக்கையாளரை ஈர்ப்பதற்காக 27 ஆண்டு சிமெந்து அறையில் தன் இனத்தையே காணாது இருந்தது. 1994-இல் அட்லாண்டா நகரக் காட்சிசாலைக்கு மாற்றப்பட்டுப் புல்தரையும் துணையும் பெற்றும், 2012-இல் சந்ததியின்றி மடிந்தது. அதே காட்சிசாலையில் வில்லி பி. என்பதும் 27 ஆண்டு தனித்திருந்தது. ஒரு வண்டிச்சக்கர ஊஞ்சலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுமே அதற்குத் தோழமை. 1988-இல் அதனை வெளியே விட்டனர். 2000-ஆம் ஆண்டில் இறக்குமுன் அஃது ஐந்து குட்டிகளுக்குத் தந்தையாயிற்று.